மண்கல் பள்ளிக்கு ஆள் கணக்குப் போட்ட கதை

முதலில் ஒரு புதிர். ஒரு கொத்தனார் ஒரு சுவரை நான்கு நாளில் கட்டுகிறார். நான்கு கொத்தனார்கள் சேர்ந்தால் அதே சுவரை எத்தனை நாளில் கட்டுவார்கள்?

ஒரு நாள் என்று சொன்னீர்களா? நானும் அப்படித்தான் சொன்னேன். அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான், கலவைத் தொட்டி ஒன்றுதான், சாரத்தில் நிற்க இடம் இருவருக்குத்தான் என்றால் விடை மாறிவிடும். இரண்டு பேர் கட்டுவார்கள். ஒருவர் குழாயடியில் நிற்பார். நான்காமவர் மற்ற மூவருக்கும் டீ வாங்கப் போவார். யாரால், எதைக் கொண்டு, எவ்வளவு வேலை உண்மையில் முடியும் என்று முன்கூட்டியே அளந்து வைப்பதற்குக் ‘கெபாசிட்டி பிளானிங்’ என்று பெயர். அதுதான் என் தொழில். அதிலும் நான் இருப்பது பசுமைக் கட்டடம் கட்டும் நிறுவனத்தில். மற்றவர்கள் ஒரு பொருள் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால் போதும். நாங்கள் அது எவ்வளவு குறைவாகப் போதும் என்றும் பார்க்க வேண்டும். வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்குத் தனியாக எதுவும் விளக்க வேண்டியதில்லை. கொத்தனார் ‘நாளைக்கு’ என்று சொல்லும்போது உங்கள் வயிற்றில் ஏற்படும் அந்த உணர்வுக்கு அட்டவணை போடுவதுதான் என் வேலை.

திருவனந்தபுரத்தில், வலியசாலைக்குத் தெற்கே, கிள்ளியாற்றுப் பக்கம் ஒரு சிறிய ஆரம்பப் பள்ளி. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. பழைய கட்டடம் விரிசல் விட்டதால் குழந்தைகள் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். டிரஸ்ட் இரண்டு நிபந்தனைகள் வைத்தது. ஜூன் மாதம் பள்ளி புதுக் கட்டடத்தில் திறக்க வேண்டும். திறந்த முதல் வாரத்தில் தலை எண்ணும்போது நாற்பது குழந்தைகள் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பள்ளியை மூடிவிட்டுக் கட்டடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தலைமை ஆசிரியை சுமதி டீச்சர் மலையாளம் கலந்த தமிழில் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார். “பிள்ளைகள் நாற்பது கரெக்டா உண்டு, கேட்டோ. அது என் பொறுப்பு. கட்டடம் உங்க பொறுப்பு.” அந்த நாற்பதில் ஒருத்தி எங்கள் தலைமைக் கொத்தனார் தங்கராஜின் மகள் ஜெபா. மூன்றாம் வகுப்பு. தங்கராஜுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். மனைவி மேரி அவரோடு சித்தாள் வேலை செய்கிறாள். வேலை நடக்கும் இடத்திலேயே தகர ஷெட் போட்டு மூன்று பேரும் குடியிருந்தார்கள்.

மண்ணா, கல்லா?

சுவருக்கு நாங்கள் செங்கல் வாங்கவில்லை. மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் மண்கல்தான். சூளை கிடையாது, விறகு கிடையாது, புகை கிடையாது. முதல் லோடு காலையில் வந்தது. மதியத்துக்குள் இறக்கிவிடலாம், மாலையில் முதல் வரிசை வைக்கலாம் என்று என் அட்டவணை சொன்னது. ஆனால் இங்கே லாரியிலிருந்து பொருளை இறக்கும் உரிமை அந்தந்தப் பகுதிச் சுமட்டுத் தொழிலாளர்களுடையது. நீலச் சட்டையில் ஆறு பேர் வந்தார்கள். அவர்களுடைய தலைவர் சசி அண்ணன் ஒரு கல்லை எடுத்தார். தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். குடிக்க வைத்திருந்த பாட்டிலிலிருந்து அதன்மேல் தண்ணீர் விட்டுப் பார்த்தார்.

“எந்தரு இது? மண்ணாக்கும்” என்றார். மண் என்றால் கையால் இறக்கும் வழக்கமில்லை. லாரியே பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டிவிடும். டிரைவர் அதைக் கேட்டதும் உற்சாகமாக வண்டியில் ஏறி லிவரில் கை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் ஒருவர் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டார். “அண்ணா, இது கல்! கொட்டினால் பொடியாகிவிடும்!” என்றேன். “கல்லுன்னா சுட்டதா?” என்றார் சசி அண்ணன். இல்லை என்றேன். “சுடாத கல்லு எங்க பட்டியலிலே இல்லையே, மேடம்.”

பிறகு அவர் தமக்கு மேலே இருப்பவருக்கு போன் செய்தார். அவர் அவருக்கும் மேலே இருப்பவருக்குச் செய்தார். லாரி நிழலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் தூங்கினார். மதியச் சாப்பாடு முடிந்தது. என் அட்டவணையில் முதல் வரிசை வைக்க வேண்டிய நேரத்தில் முடிவு வந்தது. மண்ணும் இல்லை, செங்கலும் இல்லை. உடையும் பொருள் என்பதால் முட்டை லோடு இறக்கும் முறைப்படி இறக்குவார்கள். அப்படியே இறக்கினார்கள். ஒரு கல்கூட மூளி ஆகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சசி அண்ணன் சொன்னார்:

“இனி யாராவது கேட்டா, இந்த ஸ்கூல் முட்டையால கட்டினதாக்கும்னு சொல்லுங்கோ, மேடம்.”

கடிகாரம்

ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு சுவர் கட்டுவார் என்று தெரியாமல் என் தொழிலில் எதுவும் நகராது. மண்கல் விஷயத்தில் பழைய அளவு எதுவும் எங்களிடம் இல்லை. அதனால் நானே ஒரு நாள் முழுக்க, கையில் கடிகாரத்தோடு, தங்கராஜின் பின்னால் நின்று அளந்தேன். பிரமாதமான அளவு வந்தது. செங்கல்லைவிட வேகம். அலுவலகத்துக்கு அனுப்பினேன். மேலாளர் அனில் சார் பாராட்டி ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். அந்த அளவை வைத்து ஜூன் வரைக்கும் எல்லா நாளையும் நிரப்பினேன்.

மறுநாள் சுவர் அதில் பாதிதான் ஏறியது. அதற்கடுத்த நாளும் பாதி. கல் மோசமா, கலவை மோசமா, வெயிலா? எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஜூன் மாதம் ஆகஸ்டுக்குப் போய்விடும் போலிருந்தது. கடைசியில் தங்கராஜையே கேட்டேன், “அண்ணே, அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு ஏறியது?” அவர் கரண்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“நீங்க கடியாரத்தையும் பிடிச்சிட்டு பின்னால நின்னா, மனுசன் ஒண்ணுக்குப் போவானா மேடம்? அண்ணைக்கு நான் தண்ணிகூட குடிக்கேல்ல. ராத்திரி மேரிதான் முதுகுல தைலம் தேச்சா. இனி தெனமும் நிப்பியளா?”

அம்மாவின் அடுப்பு

பொங்காலை நாளில் இந்த நகரத்தின் எல்லாத் தெருக்களிலும் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிடுவார்கள். அடுப்பு என்றால் மூன்று செங்கல். அன்று யாரும் வேலைக்கு வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நான் இந்த ஊர்க்காரி. அதனால் அந்த நாளை விடுமுறை என்று அட்டவணையில் போட்டிருந்தேன். அதுமட்டுமல்ல, பொங்காலை முடிந்ததும் தெருவில் கிடக்கும் புகைபிடித்த செங்கற்களைச் சேகரித்து எங்கள் வராந்தாத் தரைக்குப் பயன்படுத்துவதாகவும் ஏற்பாடு. பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவதற்குப் பசுமைச் சான்றிதழில் நல்ல மதிப்பெண் உண்டு. நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று பெருமையாக வீட்டில் இருந்தேன்.

மதியம் அந்தப் பக்கம் நடந்தேன். தெரு முழுக்கப் புகை. எங்கள் பள்ளியின் வேலியை ஒட்டி இரண்டு பக்கமும் நீளமாக அடுப்புகள். பொங்கிய பானைகளிலிருந்து கஞ்சி வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அடுப்புகளைக் குனிந்து பார்த்தேன். அடுப்புக் கற்கள் சிவப்பாக இல்லை, மஞ்சளாக இருந்தன. வேலிக்குள் அடுக்கி வைத்திருந்த எங்கள் மண்கல் அடுக்கு இடுப்பளவுக்குக் குறைந்திருந்தது. மண்கல் சுவராக நின்று, மேலே கூரை இருந்தால் எதையும் தாங்கும். அடியில் தீயும் மேலே கொதிக்கும் கஞ்சியுமாக அதைச் சோதிக்க வேண்டும் என்று எந்தப் பொறியாளருக்கும் தோன்றியிருக்காது. சில கற்கள் களியாகிவிட்டன. சில பானைகள் சாய்ந்தும் சாயாமலும் இருந்தன.

யாரைக் கோபிப்பது என்று வரிசையில் பார்த்துக்கொண்டே போனேன். நான்காவது அடுப்பின் முன்னால் மடிசாரில் உட்கார்ந்து, சாய்ந்த பானையை ஒரு கையால் பிடித்தபடி, விசிறிக்கொண்டிருந்தவர் என் சொந்த அம்மா. என் பெண்ணின் சைட்டில் கல் இருக்கிறதே என்று வலியசாலைத் தெரு மாமிகளுக்கெல்லாம் வேலிக் கதவைத் திறந்து வழி காட்டியவரும் அவர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்:

“ஏண்டி வித்யா, ஒரு பானைப் பொங்கலைத் தாங்கமாட்டேங்கறது, இந்தக் கல்லை வச்சா கொழந்தேளுக்குப் பள்ளிக்கூடம் கட்டறேள்?”

சுவருக்கு அவசரம் இல்லை

பொங்காலையில் போன கற்களுக்குப் பதில் கல் வந்து, பாதி வேகத்தை ஈடுகட்ட இன்னும் இரண்டு கொத்தனார்கள் சேர்ந்து, சுவர் எழுந்து, சுண்ணாம்புப் பூச்சும் தொடங்கியது. சுண்ணாம்பு சிமென்ட் மாதிரி இல்லை. ஒரு அடுக்குப் பூசினால் அது ஈரம் உலர்ந்து இறுகும்வரை அடுத்த அடுக்குக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை என் அட்டவணையில் சிவப்புக் கட்டங்களாகக் காட்டியிருந்தேன். அனில் சார் அலுவலகத்திலிருந்து போன் செய்தார். இத்தனை சிவப்பு ஏன் என்றார். சுவர் உலர்கிறது, சார், என்றேன். அந்த நாட்களில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றார். வேறு சுவருக்குப் போகிறார்கள், வேறு சுவர் இல்லாத அன்று நிழலில் இருக்கிறார்கள் என்றேன். அவர் பெரிய பெரிய கட்டடங்களை முடித்துக் கொடுத்த மனிதர். எனக்கு வேலை கற்றுத் தந்தவர். அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு, போனைக் காதிலிருந்து எடுத்து, பேசுவது அவர்தானா என்று திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

“எல்லாம் சரி வித்யா, அந்தச் சுவருக்குக் கொஞ்சம் ப்ரெஷர் கொடுங்க.”

தொட்டியில் இருந்தவர்கள்

கட்டடத்துக்கு வேண்டிய தண்ணீரை வெளியிலிருந்து லாரியில் வாங்குவதில்லை என்பது எங்கள் உறுதிமொழி. முதலிலேயே மழைநீர்த் தொட்டியைக் கட்டிவிட்டோம். அதன் உட்சுவரில் நானே பெயின்ட்டால் கோடுகள் போட்டேன். மேல்கோடு வரை நிறைந்தால் பூச்சுக்கும் கூரைக்கும் போதும். நடுக்கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து. அந்த வருஷம் கோடை மழை தாராளமாகப் பெய்தது, கூரையில்லாத சுவர்களைத் தார்ப்பாயால் மூடிவைத்தோம். தொட்டி மேல்கோட்டைத் தொட்டது. அன்று நான் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, இரண்டு சேர்த்துச் சாப்பிட்டேன்.

பூச்சு வேலைக்குத் தண்ணீர் எடுக்க மோட்டாரைக் கொண்டுபோன ஆள் வெறுங்கையோடு திரும்பி வந்தான். “எடுக்க முடியாது மேடம், பிள்ளைங்க நிக்கிறாங்க” என்றான். போய்ப் பார்த்தேன். கல்யாண மண்டபத்திலிருந்து மதிய இடைவேளைக்கு வந்த பத்துப் பதினைந்து குழந்தைகள் தொட்டியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே மீன். ஒன்றிரண்டு இல்லை. கிள்ளியாற்றில் பிடித்து, டிபன் பாக்ஸிலும் தண்ணீர்ப் பாட்டிலிலும் கொண்டுவந்து, பல நாளாக விட்டிருக்கிறார்கள். சில குஞ்சுகளும் போட்டுவிட்டன. கட்டடத்தின் மொத்தத் தண்ணீரும் ஒரு குளமாகிவிட்டது எனக்குத் தெரியாமலே! ஒவ்வொரு நாளும் கோட்டைப் பார்த்தேனே தவிர, கோட்டுக்குக் கீழே பார்க்கவில்லை.

“கண்ணுகளா, இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் உங்கள் பள்ளிக்கூடம் முடியாது. ஜூனில் திறக்க முடியாது. புரிகிறதா?” என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எல்லோரும் ஜெபாவைப் பார்த்தார்கள். அவள்தான் தலைவி போலிருக்கிறது. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைச் சடை. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவள் யோசித்தாள். அவசரப்படவே இல்லை. பிறகு தன் தீர்ப்பைச் சொன்னாள்:

“பாதி எடுத்துக்கோங்க மேடம். மீதி மீனுக்கு. போதலேன்னா நீங்க வேற மழை பாருங்க.”

ரயில்

பாதித் தண்ணீரிலேயே பூச்சு ஒருவழியாக முடிந்தது. பிறகு இன்னொரு மழையும் பெய்து வைத்தது. அடுத்தது கூரை. பழைய ஓடுகளை வரிசையாகப் பரப்பி, இடையில் கம்பி கட்டி, மேலே கான்கிரீட் ஊற்றும் கூரை. சிமென்ட் குறைவு, அறைக்குள் சூடும் குறைவு. ஆனால் கம்பி கட்டுவதற்குப் பழகிய கை வேண்டும். அந்தக் கை எங்களுக்கு வங்காளத்திலிருந்து வந்திருந்தது. ஷாஹித் என்பவரும் அவருடைய ஆட்களும். இந்த ஊரில் அவர்களை எல்லோரும் ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் அட்டவணையில் ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லாத குழு அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை போனேன். ஓடுகள் பரப்பிய பலகைமேல் காகங்கள் நடந்துகொண்டிருந்தன. அவர்கள் தங்கியிருந்த ஷெட் காலி. கயிற்றில் ஒரு துண்டுகூட இல்லை. அடுப்பின்மேல் கெட்டில் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஓடிப் போய்விட்டார்களா, விபத்தா, யாராவது மிரட்டினார்களா? ஷாஹித்துக்கு போன் செய்தேன். பின்னணியில் ரயில் ஓடும் சத்தம். ஊரில் தேர்தலாம். எல்லோரும் ஓட்டுப் போடப் போகிறார்களாம். “பாய், மழைக்காலம் வரப்போகிறது. கூரை இல்லாமல் பள்ளிக்கூடம் எப்படித் திறப்பேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கிட்டத்தட்ட அழுதுவிட்டேன். அவர் பல வருஷங்களாக இங்கே இருப்பவர். மலையாளமும் தமிழும் கலந்து, என்னைவிட நிதானமாகப் பேசுவார்.

“சொன்னா நீங்க விடமாட்டீங்க மேடம், அதான் சொல்லல. கூரை அங்கேயே இருக்கும். ரயில் போயிடும், அல்லே?”

பாட்டுக் குழு

தங்கராஜ்தான் வழி சொன்னார். அவருடைய ஊர்த் தேவாலயச் சபையில் கம்பி கட்டத் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. கேட்டுப் பார்க்கலாம் என்றார். மறுநாள் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் சபையின் பாட்டுக் குழுவைச் சேர்ந்தவர்கள். கம்பி கட்டினார்கள், கட்டும்போது நான்கு குரலில் பாடினார்கள். கட்டின அழகைவிடப் பாட்டு இன்னும் அழகு. பாட்டு மெதுவாக இருந்தால் வேலையும் மெதுவாக நடந்தது. அதைக் கவனித்துவிட்டு, குழுத் தலைவரிடம் போய், கொஞ்சம் வேகமான பாட்டாகப் பாட முடியுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டேன். அவர் கம்பியிலிருந்து கையை எடுக்காமல், பாட்டை நிறுத்தாமல், சரணம் முடியும்வரை என்னை வெயிலில் நிற்க வைத்தார். பிறகு சொன்னார்:

“மேடம், நாங்க கூலிக்கு வேலை செய்யுதோம். பாட்டு கூலிக்கு இல்ல.”

விடுவிப்பு

மே மாதக் கடைசியில் கூரையின் முட்டுகளைக் கழற்றினோம். கட்டடம் நின்றது. மஞ்சள் சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு, காற்றுக்காகக் கல் விட்டுக் கல் வைத்த சுவர்ப் பகுதிகள், வராந்தாவில் கருப்புத் திட்டுகளோடு பொங்காலைச் செங்கல். சுமதி டீச்சர் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். “குளுகுளுன்னு இருக்கு, கேட்டோ!” என்றார். முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அனில் சார் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, “தங்கராஜ் அங்கே ஃப்ரீ ஆயிட்டார் இல்லையா? திங்கட்கிழமை முதல் விழிஞ்ஞம் துறைமுகப் பக்கத்து சைட்டுக்கு மாற்றிவிட்டோம். அங்கே குவார்ட்டர்ஸ் ரெடி. குடும்பத்தோடு போகலாம்” என்றார்.

எங்கள் தொழிலில் இதற்கு ‘விடுவிப்பு’ என்று பெயர். ஓர் இடத்தில் வேலை முடிந்த ஆளை அடுத்த இடத்துக்கு அனுப்புவது. ஒரு நாள்கூடச் சும்மா இல்லாமல் அனுப்பிவிட்டால் அது நல்ல திட்டம். மிக நல்ல திட்டம் என்று நானும் சொல்லி போனை வைத்தேன். பக்கத்தில் நின்ற சுமதி டீச்சரிடம் அந்த நல்ல செய்தியை அப்படியே சொன்னேன். அவர் முகத்தில் இருந்த நிறம் போனதை என் கண்ணால் பார்த்தேன். வராந்தாவில், அந்தக் கருப்புத் திட்டுகளின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெபாவுக்குப் பதில் இன்னொரு குழந்தையைத் தேடலாமே என்றேன். இந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்த்தான் நாற்பதைச் சேர்த்தார். போகாத வீடு பாக்கி இல்லை. புதிதாகப் பிறக்கப்போகிற பிள்ளைகளைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார். பிறகு அவர் சொன்னதை வரிக்கு வரி தருகிறேன்:

“தங்கராஜ் போனா ஜெபா போவா. ஜெபா போனா முப்பத்தொம்பது. ஸ்கூல் கட்டி முடிச்சு, ஸ்கூலைக் காலி பண்ணிட்டீங்களே, மேடமே!”

நாற்பதாவது தலை

அன்று இரவு நான் தூங்கவில்லை. கட்டடத்தை அளந்தேன், கல்லை அளந்தேன், தண்ணீரை அளந்தேன். வேலை செய்கிறவருக்கு ஒரு மகள் இருப்பாள், அவர் நகர்ந்தால் அவளும் நகர்வாள் என்பது எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லை. மறுநாள் நேராக அலுவலகத்துக்குப் போய் அனில் சாரின் மேஜை முன்னால் நின்றேன். தங்கராஜை நிறுத்த முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். விழிஞ்ஞத்தில் அவருக்காக ஒரு கட்டடமே காத்திருக்கிறது. நான் விடவில்லை. புதிய சுண்ணாம்புச் சுவருக்கு முதல் மழைக்காலம் முழுக்க ஒரு கண் வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. மேரிக்குப் பூச்சு தெரியும். பள்ளியின் காவலாளி அறையில் மேரியும் ஜெபாவும் இருக்கட்டும், தங்கராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகட்டும் என்றேன். அனில் சார் சரி என்றார்.

தங்கராஜிடமும் மேரியிடமும் போய்ச் சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிந்து இருப்பதில் அவர்களுக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. சுமதி டீச்சர் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கராஜ், “நாங்க ரெண்டு பேரும் என்னத்த சொல்ல? படிக்கப் போறது அவதானே. அவளே சொல்லட்டு” என்றார். இப்படியாக, இத்தனை மாதம் நான் போட்ட திட்டம் முழுவதும் ஒரு விழுந்த முன்பல்லின் முன்னால் வந்து நின்றது.

ஜெபா புது வகுப்பறைக்குள் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு இரண்டையும் தெளிவாக எடுத்துச் சொன்னேன். இங்கே இருந்தால் அம்மாவோடு இந்தப் பள்ளி. போனால் அப்பா அம்மா இருவரோடும் விழிஞ்ஞத்தில் வேறு பள்ளி. எந்தப் பக்கமும் இழுக்காமல் சொன்னேன். சுமதி டீச்சருக்கு அது பிடிக்கவில்லை.

“அந்த ஸ்கூல் ஷெட்டுல இருந்து தூரமா?” என்று ஜெபா கேட்டாள்.

“பக்கம்தான். ரோட்டைத் தாண்ட வேண்டாம்.”

“கப்பல் தெரியுமா?”

“குவார்ட்டர்ஸ் மாடியில் நின்றால் தெரியும்.”

சுமதி டீச்சர் பின்னாலிருந்து என் துப்பட்டாவை இழுத்தார். ஜெபா தலையைத் தூக்கி, பழைய ஓடுகள் வரிசையாகத் தெரியும் அந்தக் கூரையைப் பார்த்தாள்.

“இங்க ஃபேன் இல்லையா?”

“இல்லை, கண்ணு. இந்தக் கட்டடத்துக்கு ஃபேனே வேண்டாம். சுவர் வழியாகக் காற்று வரும். அப்படித்தான் திட்டம் போட்டுக் கட்டியிருக்கிறோம்.”

“அங்க?”

நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டவள் கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தாள். “அங்கே உண்டு. ஒரு அறைக்கு நான்கு” என்றேன். “மோளே, காற்று வந்தா போதாதா? ஃபேன் நான் வாங்கித் தரேன், மோளே” என்றார் சுமதி டீச்சர். பசுமைச் சான்றிதழ் என்ன ஆகும் என்று நான் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஜெபா திண்டிலிருந்து இறங்கினாள். பாவாடையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மேரியைப் பார்த்தாள், தங்கராஜைப் பார்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் கெபாசிட்டியைக் கடைசியாக அளப்பது பொறியாளர்கள் அல்ல என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜெபா விழிஞ்ஞம் போவதாகச் சொன்னாள்.